பாரத்துக்கு ஏற்ற புரொப்பெல்லர்



திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு மோட்டார் படகுக்குக் கணக்குப் போட்டேன் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

கனடாவிலிருந்து நம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். சிம்கோ ஏரியில் உல்லாசமாகச் சுற்றிவர ஒரு சிறிய படகு வாங்கியிருக்கிறார். ஊரிலிருந்து போன அப்பா அம்மாவையும், மனைவி பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போன நாளில் காற்று எழும்பிவிட்டது. எஞ்சின் முழு மூச்சாக உறுமியும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்ந்ததாம். கரை சேரும்வரை அம்மா முருகனைக் கூப்பிட்டபடியே இருந்தாராம். "சார், பிட்ச் அதிகமான புரொப்பெல்லர் போட்டா வேகம் வருமா?" என்று கேட்டார்.

வராதப்பா, இன்னும் மோசமாகும் என்றேன்.

புரொப்பெல்லரில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். இவருடையது 13 × 17. முதல் எண் விட்டம். இரண்டாவது 'பிட்ச்', அதாவது, மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. தண்ணீர் மரம் அல்ல, வழுக்கும். அதனால் உண்மையில் சற்றுக் குறைவாகவே நகரும்.

நம் மலைக்கு 365 படிகள். வெறுங்கையோடு வரும் பையன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமப்பவர் ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவார். பாரம் கூடினால் எட்டு வைப்பது குறைய வேண்டும். பிட்ச் என்பது அந்த எட்டுதான்.

ஊகம் வேண்டாம், அளந்து சொல் என்றேன். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுற்றுக்குள் ஓட வேண்டும் என்று அவருடைய எஞ்சின் கையேடு சொல்கிறது. இரண்டு பேர் இருந்தால் 5300 வருகிறது. ஆறு பேர் ஏறினால் 4600தான். மலைப்பாதையில் டாப் கியரில் பஸ் ஓட்டுவதுபோல எஞ்சின் திணறுகிறது. ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் சுமார் 200 சுற்று கூடும் என்பது பொதுக் கணக்கு. 17ஐ 14 ஆக்கினால் 600 கூடும். ஆறு பேருக்கு 5200, இரண்டு பேருக்கு 5900. இரண்டுமே வரம்புக்குள் வந்துவிட்டன. ஆள் குறைவான நாளில் உச்ச வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

1837இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற விவசாயி கால்வாயில் ஒரு படகைச் சோதித்தார். இரண்டு முழுச் சுற்றுகள் கொண்ட மரத் திருகு அதில் பூட்டியிருந்தது. ஓடும்போது பாதி உடைந்து விழுந்தது. படகோ முன்னைவிட வேகமாகப் போயிற்று! பெரிதாக இருந்தால்தான் நல்லது என்ற எண்ணம் அன்றே உடைந்துவிட்டது.

படகு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் சில வார்த்தைகள். மாற்றும் முன் பழைய இறக்கை வளைந்திருக்கிறதா, படகின் அடியில் பாசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாறையும் ஆழக்குறைவும் உள்ள இடத்தில் அலுமினியமே போதும். மோதினால் அது முதலில் வளைந்து, விலை கூடிய கியரை ஓரளவு காப்பாற்றும். படகில் எழுதியிருக்கும் ஆள் கணக்கை எந்தப் புரொப்பெல்லராலும் கூட்ட முடியாது. தண்ணீரில் ஆள் இருக்கும்போது எஞ்சினை நிறுத்திவிடுங்கள், நியூட்ரல் போதாது.

தனியாகப் போகும் நாளை வைத்து எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டார் எல்லாரும் ஏறியிருக்கும் நாளை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார், திருத்தணி