அம்மாவும் சாகர்கோட்டேயும்

பகல்நேர முதியோர் மையங்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வருவது இங்கே புனேயில் சகஜம். பெரும்பாலும் அக்டோபர் 1, உலக முதியோர் தினத்தன்று. பிள்ளைகள் பாடுவார்கள், பழம் கொடுப்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். குறை சொல்லவில்லை. ஆனால் அதில் பெரியவர்களுக்குக் கை தட்டுவதைத் தவிர வேலை இல்லை.

அம்மா போகும் மையத்தில் வேறு மாதிரி. வியாழக்கிழமைதோறும் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் வருகிறார்கள். யாருக்கு யார் ஜோடி என்று முதலிலேயே எழுதிவிடுகிறார்கள். வருடம் முழுக்க அதே ஜோடிதான்.

அப்பா போனபிறகு கும்பகோணத்திலிருந்து வந்த அம்மாவுக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் நாள் முழுக்க வாய் திறக்க ஆளில்லை. (பேச ஆள் கிடைக்குமே என்றே பேங்குக்கு வரும் பென்ஷன்காரர்களைத் தினம் பார்க்கிறேன். லைஃப் சர்டிபிகேட்டை வீட்டிலிருந்தே கொடுக்கலாம் என்றாலும் நவம்பரில் வந்து நிற்பார்கள்.)

முதல் இரண்டு வாரம் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். மூன்றாவது வாரம் அந்தப் பெண் பையிலிருந்து சாகர்கோட்டே எடுத்திருக்கிறாள். மராட்டியப் பெண்கள் தூக்கிப் போட்டுப் பிடித்து ஆடும் சாம்பல் நிற விதைகள். வேறொன்றுமில்லை, நம் நாட்டு மருந்துக் கடைக் கழற்சிக்காய்தான்! சொட்டாங்கல் ஆடிய கை சும்மா இருக்குமா? அம்மா ஒன்றை மேலே போட்டு, கீழே கிடந்த நான்கையும் ஒரே அள்ளாக அள்ளி, விழுந்ததையும் பிடித்துவிட்டாள். வயது 74.

இப்போது அந்தப் பெண் தமிழில் பத்து வரை எண்ணுகிறாள். அம்மா ஏக், தோன், தீன், சார், பாச் வரை வந்திருக்கிறாள்.

ஏப்ரலில் பரீட்சை என்று பள்ளி நிறுத்திவிட்டது. பெரியவர்களிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அம்மா இரண்டு வியாழன் நல்ல புடவை கட்டிக்கொண்டு காத்திருந்துவிட்டு வந்தாள். மூன்றாவது வியாழன் மையத்துக்கே போகமாட்டேன் என்றாள். காரணம் கேட்டதற்குக் கால்வலி என்றாள். வருஷத்துக்கு ஒருநாள் வந்து போயிருந்தால் இந்த வலி வந்திருக்காது.

நிர்வாகியிடம் பேசினேன். பள்ளியின் பரீட்சை, லீவு தேதிகள் இப்போது மையத்துச் சுவரில் மராத்தியில் தொங்குகின்றன, ஓரத்தில் என் கையெழுத்தில் தமிழிலும். ஜூனில் அந்தப் பெண் ஏழாம் வகுப்பு. புது ஆறாம் வகுப்பைத்தான் அனுப்புவார்களாம். இந்த ஒரு ஜோடியை மட்டும் மாற்றாதீர்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.