தொகை விரித்தல்

உம்மைத்தொகையை வகுப்பில் நடத்தும்போது, தொகையாக நிற்கும் சொல்லை விரிக்காமல் பொருள் கொள்ளலாகாது என்று மாணவர்களிடம் சொல்வது வழக்கம். சேர சோழ பாண்டியர் என்றால் மூவர். ‘உம்’ மறைந்து நிற்பதனால் அவர்கள் ஒருவராகிவிட மாட்டார்கள். மருந்துச் சீட்டுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை ஓராண்டுக்கு முன்னர்தான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் வாழும் என் அக்காவுக்கு நெடுநாளாகத் தலைவலி. விண்விண் என்று தெறிப்பதன்று. தலையைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கினாற்போன்ற வலி. மருத்துவர் அதனை ‘டென்ஷன்’ தலைவலி என்றாராம். நம்மூர்ப் பேச்சில் டென்ஷன் என்றால் பதற்றம், எரிச்சல். அத்தானும் அப்படியே பொருள் கொண்டு, “டென்ஷன் ஆகாமல் இருந்தால் சரியாகிவிடும்” என்று அறிவுரை வழங்கிக்கொண்டிருந்தார். மருத்துவச் சொல்லில் உள்ளதோ இறுக்கம் என்னும் பொருள். ஒரு சொல் கடல் கடக்கையில் நோயாளியின் மீதே பழியை ஏற்றிவிடுகிறது.

அவளுக்குக் கொடுத்திருந்தது ஒரு கூட்டு மருந்து. ஒருநாள் இரவு தொலைபேசியில் அழைத்தாள். “தம்பி, காய்ச்சல் மாதிரி இருக்கு. அம்மா கொடுத்தனுப்பின டோலோவையும் இதோட சேர்த்துப் போட்டுக்கலாமா?” குப்பியில் ஒட்டியிருப்பதைப் படிக்கச் சொன்னேன். பியூட்டால்பிட்டால் 50, அசெட்டமினோஃபென் 325, காஃபீன் 40 மில்லிகிராம். நாளொன்றுக்கு ஆறுக்கு மேல் கூடாது.

நடுவில் நிற்கும் அசெட்டமினோஃபென் வேறெதுவுமன்று, நம் பாராசிட்டமால்தான். ஒரே நெடிய வேதியியல் பெயரை அமெரிக்கர் ஒருவிதமாக வெட்டிக்கொண்டனர், நாம் வேறுவிதமாக வெட்டிக்கொண்டோம். ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பது செய்யுளுக்கு அழகு. மருந்துப் பெட்டிக்கு ஆபத்து. அக்காவின் மாத்திரை ஆறு என்றால் 1950 மில்லிகிராம். டோலோ 650 நான்கு சேர்ந்தால் இன்னுமொரு 2600. ஆகமொத்தம் 4550. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4000. அதனைத் தாண்டினால் ஈரலுக்குக் கேடு. “ரெண்டும் ஒண்ணாடா?” என்று இருமுறை கேட்டாள். அன்றிரவு டோலோ போடவில்லை.

எனினும் என்னைக் கூடுதலாக உறுத்தியது முதற்பெயர். பியூட்டால்பிட்டால், பார்பிட்யுரேட் குடும்பத்தது. அக்குடும்பத்தின் மூலமாகிய பார்பிட்யூரிக் அமிலத்தை அடோல்ஃப் ஃபான் பேயர் 1864-இல் உருவாக்கினார். 1903-இல் எமில் ஃபிஷரும் யோசஃப் ஃபான் மெரிங்கும் அதன் வழியில் வந்த ஒன்றைத் தூக்க மருந்தாக உலகுக்குத் தந்தனர். பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்பதாலும், அளவு மீறினால் மூச்சையே அடக்கிவிடும் என்பதாலும் தூக்க மருந்து என்ற இடத்தை அது பின்னர் இழந்தது. தலைவலி மாத்திரைக்குள் இன்னும் தங்கியிருக்கிறது. உடலில் சென்ற அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 35 மணி நேரம் ஆகும். நேற்றையது தீருமுன் இன்றையது சேர்ந்துவிடும். மூன்றாவதான காஃபீனோ வலிநீக்கியின் ஆற்றலைக் கூட்டுவது; அது கிடைக்காத நாளில் தானே தலைவலியாக வருவதும் அதுதான்.

“மாசத்துல எத்தனை நாள் போடுறே, அக்கா?” என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. நாட்காட்டியைப் பார்த்து எண்ணிப் பதினான்கு என்றாள். ஐந்தாறு மாதமாக அப்படித்தானாம். இத்தகைய கூட்டு மருந்தை மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், மருந்தே தலைவலியை விளைவிக்கும் என்பது மருத்துவ உலகம் வகுத்துள்ள வரையறை. வலிக்கிறது என்று போடுகிறோம், போட்டதனால் வலிக்கிறது, மீண்டும் போடுகிறோம். நோயாளியின் கண்ணுக்கு இந்த வட்டம் தெரியாது, ஒவ்வொரு முறையும் மாத்திரை வலியைத் தணிக்கத்தானே செய்கிறது.

இதைக் கேட்டதும் அவள் சொன்னதுதான் எனக்கு அச்சமூட்டியது. “அப்ப நாளையிலிருந்தே குப்பையில போட்டுடறேன்.” அக்கா பிடிவாதக்காரி, சொன்னால் செய்துவிடுவாள். பார்பிட்யுரேட்டை நெடுநாள் அடிக்கடி எடுத்துப் பழகிய உடல், அது திடீரென நின்றால் நடுங்கும். வலிப்பு வரைக்கும் போகக்கூடும். தானாக நிறுத்த வேண்டாம், விடிந்ததும் மருத்துவரை அழைத்துப் பதினான்கு என்ற எண்ணை மறைக்காமல் சொல் என்று கெஞ்சினேன். நான் தமிழாசிரியன். பெயரை விரிப்பதோடு என் வேலை முடிந்தது. எவ்வளவு, எப்படிக் குறைப்பது என்பதெல்லாம் மருத்துவர் சொல்ல வேண்டியவை.

சொன்னாள். மருத்துவர் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, தலைவலி வராமல் காக்க இரவில் சிறிதளவு அமிட்ரிப்டிலின் எழுதிக்கொடுத்தார். முதல் பதினைந்து நாள் வலி முன்னிலும் கடுமை. அழுதாள், அத்தானோடு சண்டையிட்டாள். (டென்ஷன் என்ற சொல்லை அவர் அப்போது உச்சரிக்கவே இல்லை.) மூன்றாம் மாதம் தலைவலி நான்கு நாளாகக் குறைந்தது.

கூட்டு மருந்து அப்போதே நின்றுவிட்டது. காலையிலும் மாலையிலும் குடிக்கும் டிகிரி காப்பியை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். அதுவும் காஃபீன்தான் என்று சொல்லிப் பார்த்தேன். இலக்கணம் போதும் என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.