பாட்டனார் ரேடியோவின் குரல்

சென்ற ஆண்டு நமது சங்க விழாவில் நாம் கிதார் வாசித்ததைக் கேட்ட அன்பர்கள் சிலர் இன்றும் நம்மைக் கண்டால் புன்னகை புரிகிறார்கள். அது பாராட்டுப் புன்னகை அன்று என்பதை அறியாத அளவுக்கு நாம் பேதையல்லோம். வலியசாலைப் பெரியவர் ஒருவர், "தம்பி, பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தகரத்தில் ஆணி கீறுவதுபோல ஒரு சத்தம் கூடவே வந்ததே, அது என்ன?" என்று கேட்டார். அந்தச் சத்தந்தான் நமது கிதார்.

தம்பானூரில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவுக்குக் கிதார் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்நகரில் 2003-ல் தோன்றிய அவியல் குழுவினரின் வாசிப்பைக் கேட்டுப் பித்தேறிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாம். வேறு சமாதானம் இல்லை.

எலெக்ட்ரிக் கிதாருக்குச் சொந்தக் குரல் கிடையாது. வீணைக்குக் குடம் உண்டு. இதற்கோ வெறும் பலகை. தந்திக்கடியிலுள்ள காந்தச் சுருளில் எழும் சிறு மின்சாரத்தைப் பெருக்கி ஒலியாக்கும் ஆம்ப்ளிஃபயரே இதன் குடம். ஆகவே கிதாரை மட்டும் வாங்கியவன் பாதி வாத்தியத்தையே வாங்கியிருக்கிறான்.

தம்பூராவின் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலிழையைச் செருகி, மயிரிழை நகர்த்தி, ஜீவா பிடிப்பதை நம்மவர் அறிவர். சரியான இடம் வாய்த்ததும் ஒரே தந்தியிலிருந்து பல ஸ்வரங்கள் மலரும். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரும் ஏறத்தாழ அதையே செய்கிறது. வால்வை அதன் சக்திக்கு மீறி உழைக்கவிட்டால் ஒலியலையின் முகடு மெல்ல மழுங்கி, மூல ஸ்வரத்தோடு மேல் ஸ்வரங்களும் கலந்து ஒலிக்கின்றன. நாம் முதலில் வாங்கிய மலிவான டிரான்சிஸ்டர் பெட்டியிலோ அம்முகடு கத்தியால் வெட்டினாற்போல அறுபடுகிறது. 1964-ல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் தம் ஸ்பீக்கரின் காகிதத்தைப் பிளேடால் கிழித்தே புதியதோர் ஒலியைக் கண்டாராம். இச்செய்தியைக் கேட்ட நம் இல்லாள் வீட்டிலுள்ள பிளேடுகளை எண்ணி வைத்துக்கொண்டாள்.

கிதார் உலகில் பெரும்பெயர் பெற்ற லியோ ஃபெண்டர், 1938-ல் கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தவர். இதைப் படித்ததும் நம் கண்கள் கூடத்து அலமாரிக்குச் சென்றன. கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த 1956-ஆம் ஆண்டு, பாட்டனார் நாகர்கோவிலில் வாங்கிய வால்வு ரேடியோ அங்கே இருந்தது. அது பேசி நாற்பது ஆண்டுகளாகின்றன. ஆயினும் ஆச்சி வெள்ளிதோறும் அதைத் துடைத்து, தாம் பூவேலை செய்த உறையைப் போர்த்தி வைப்பார். பின்புறம் கிராமபோனுக்கென்று இரண்டு துளைகள். அவற்றில் கிதாரைச் செருகினால் என்ன?

சாலைக் கடைத்தெருவில் ரேடியோ வேலையிலேயே தலைநரைத்த மெக்கானிக் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்தோம். அவர் பழைய கண்டென்சர்களை மாற்றி முடித்ததும் பெட்டி மெல்ல உறுமியது. நம் ஒன்பது வயது மகன் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு கிதாரைப் பிடித்து நின்றான். "அப்பா, செருகட்டுமா?" என்று குனிந்தான். மெக்கானிக், "மோனே, தொடல்லே!" என்று அலறினார்.

பிறகு பேசாமல் டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் உள்ளே இருந்த இரும்புச் சட்டத்தில் வைத்தார். விளக்கு எரிந்தது. பிளக்கைத் திருப்பிச் செருகினார், அணைந்தது.

அந்நாளில் சில ஊர்களில் ஏ.சி., சில ஊர்களில் டி.சி. மின்சாரம். இரண்டுக்கும் பொருந்தும்படி, டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் செய்யப்பட்ட ரேடியோ அது. வீட்டு மின்சாரம் நேரே அந்தச் சட்டத்திலேயே பாயும். பெட்டி மரம், திருகுகள் பேக்கலைட். ஆதலால் பாட்டனாரை அது தீண்டியதில்லை. கிதாரைச் செருகினால் கம்பி வழியே 230 வோல்ட்டும் தந்திகளுக்கு வந்துவிடும். நம் கைகள் அன்று இரவு வரையில் நடுங்கின. இதைப் படிக்கும் இல்லங்களில் பழைய பெட்டி இருந்தால் பிள்ளைகளை அருகே விடாதீர்கள். அணைத்து வைத்த பின்னும் கண்டென்சர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

உள்ளிருந்ததை அவர் அகற்றிவிட்டார். மரப்பெட்டியையும் ஸ்பீக்கரையும் மட்டும் வைத்துக்கொண்டு, டிரான்ஸ்ஃபார்மரோடும் எர்த் கம்பியோடும், ஈ.எல். 84 என்னும் வால்வு ஒன்றைக் கொண்டு ஐந்து வாட் அளவில் புதியது அமைத்துத் தந்தார். ஐந்து வாட்டா என்று இகழ வேண்டாம். கரமனையில் நம் அடுத்த வீட்டாருக்கு அதுவே அதிகம். சிறிய பெட்டியாதலால் தாழ்ந்த ஒலியிலேயே வால்வு திணறத் தொடங்குகிறது. நமக்கு வேண்டியதும் அத்திணறல்தானே.

மூன்று வாரம், வேலை முடிந்த மாலைகளில் திருகுகளோடு போராடினோம். பாஸை மிகுத்தால் ஒலி சேறாகிறது. மிகக் குறைத்தால் மெலிகிறது. பழைய ஸ்பீக்கரின் காகிதம் உச்ச ஒலிகளை விழுங்கிவிடுவதால் அந்த ஆணிக் கீறல் போய்விட்டது. கிதாரிலுள்ள திருகைச் சற்றே குறைத்தால் தெளிவு. முழுதும் திறந்தால் கார்வை. ஒரு தந்தியை வளைத்துப் பிடித்தால் ஸ்வரம் அணையாமல் நிற்கிறது. மின்சார மாண்டலினில் கர்நாடக ராகங்களின் கமகங்களை யெல்லாம் கொண்டுவந்த யு. ஸ்ரீனிவாஸுக்கு (1969–2014) மின் ஒலிபெருக்கம் எவ்வளவு கைகொடுத்திருக்கும் என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

அப்போது அடுக்களையிலிருந்து ஆச்சியின் குரல் கேட்டது: "யாருடா ரேடியோவைப் போட்டது?"

வந்து அருகே அமர்ந்தார். நாம் வாசித்த சினிமாப் பாட்டு எதுவென்று அவர் கேட்கவில்லை. முடிந்ததும் எழுந்து தம் பூவேலை உறையைப் போர்த்தப் போனார். வால்வின் சூடு போகவேண்டுமே என்று நாம் தடுக்க, முன்பக்கம் மட்டும் தொங்கவிட்டார். துணியின் வழியே வந்த ஒலி இன்னும் ஒரு படி மென்மையாயிருந்தது. இவ்வாண்டு விழாவுக்கு உறையோடுதான் கொண்டுவரப் போகிறோம். வலியசாலைப் பெரியவர் முன்வரிசையில் அமர வேண்டும்.