கடையிலதான் இருக்கேன்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் அப்பாவுக்குச் சின்னப் பூக்கடை. பலகையில் 03 என்று தொடங்கும் எண் ஒன்று இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே எழுதியது. கல்யாண மாலைக்கு ஆட்கள் நேரில் வந்து பேரம் பேசுவார்கள். சாவு வீட்டு மாலைக்கு யாரும் வருவதில்லை. போன்தான் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அந்த நேரத்தில் கடை போன் அடித்து அடித்து ஓயும். ஒருநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் மூன்று முறை அழைத்துப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். வியாபாரம் போனதைப் பற்றி அப்பா பேசவே இல்லை. "அவங்கம்மாவுக்கு நம்ம மாலை விழலையேடா" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கைப்பேசி நம்பரக் குடுத்துடலாம்பா" என்றேன்.

"பலகையில இருக்கிற நம்பரத்தான்டா மனுசங்க நம்புவாங்க."

கடைக்கு ஃபைபர் வந்தபோது அதே எண்ணை இணையத் தொலைபேசிக்கு மாற்றினோம். வீட்டுப் போனையும் சேர்த்து மாற்றினேன். செம்புக் கம்பியில் எண் என்பது ஓர் இடம். கம்பி எங்கே முடிகிறதோ அங்கேதான் மணி அடிக்கும். இணையத் தொலைபேசியில் எண் ஒரு கணக்கு மட்டுமே. கைப்பேசியில் உள்ள செயலி, "நான் இப்போது இங்கே இருக்கிறேன்" என்று சர்வரிடம் அவ்வப்போது பதிவு செய்துகொள்ளும். அழைப்பு வந்தால் கடையிலும் அப்பாவின் சட்டைப்பையிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். அப்பா திருப்பி அழைத்தாலும் எதிர்முனையில் கடை எண்தான் தெரியும். மாதக் கட்டணமும் குறைந்தது.

அப்பாவுக்கு ஒரு சந்தேகம்: "குரல் எப்படிடா இன்டர்நெட்ல போகும்?"

குரலை நொடிக்கு 8000 முறை அளந்து எண்ணாக்குவார்கள். அதை 20 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டி, நொடிக்கு 50 பொட்டலமாக அனுப்புவார்கள். ஓர் அழைப்புக்கு ஏறக்குறைய 100 கிலோபிட் வேகம் போதும். மின்னஞ்சலில் ஒரு துண்டு தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கலாம். பேச்சில் அதற்கு நேரமில்லை. பிந்தி வரும் துண்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதனால்தான் லைன் மோசமாக இருந்தால் சொற்கள் பாதியில் அறுகின்றன.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "சாவு வீட்டு மாலை மாதிரி. எடுத்தப்புறம் போயி என்னா பண்றது?"

நான்கு வருஷப் படிப்பில் யாரும் இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனால் ஒன்றை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. பழைய போனுக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்து அந்தச் செம்புக் கம்பி வழியாகவே வரும், 48 வோல்ட். நிலையத்தில் பேட்டரி இருக்கும். தாமான் முழுக்க இருட்டானாலும் ரிசீவரை எடுத்தால் சத்தம் கேட்கும். ஃபைபரில் ஒளி மட்டும்தான் வருகிறது. மோடத்துக்கும் ரௌட்டருக்கும் நாம்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஓர் இரவு இடி இடித்து கரண்ட் போனது. நான் வேலை விஷயமாகப் பினாங்கில் இருந்தேன். டயாலிசிஸ் முடிந்து வந்த அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம். அவருடைய கைப்பேசியில் சார்ஜ் இல்லை. அம்மா 999ஐ அழைக்க வீட்டுப் போனை எடுத்தார். சத்தமே இல்லை. கைவிளக்கோடு மழையில் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

ஒன்றும் ஆகவில்லை. அம்மாவும் என்னைத் திட்டவில்லை. "முந்தி கரண்ட் போனாலும் போன் வேல செய்யும்ல, ஐயா?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே மோடத்துக்கும் ரௌட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி வைத்தேன். போனை மாற்றிய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

போன வாரம் டயாலிசிஸ் நிலையத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இடது கையில் ஊசி, குழாயில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. கைப்பேசி அடித்தது. தாதியைப் பார்த்து, 'ஒரு நிமிஷம்' என்று சைகை காட்டினார். எதிர்முனையில் அழுத குரல்.

"அண்ணே, கடையிலயா இருக்கீங்க?"

"கடையிலதான் இருக்கேன். சொல்லுங்கம்மா, எத்தன மணிக்கு எடுக்கறாங்க?"