இரண்டு இணைகோடுகள்

க = க + 1. கணக்கு வாத்தியார் கண்ணில் பட்டால் சிவப்பு மையால் அடித்துவிடுவார். சி மொழியில் நிரல் எழுதுகிறவர் இதை யோசிக்காமல் எழுதுவார். அங்கே அது கட்டளை: க-வில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டி, திரும்பவும் க-விலேயே போடு.

சமக்குறியை உண்டாக்கிய ராபர்ட் ரெக்கார்ட் வேல்ஸ் நாட்டு மருத்துவர். லத்தீன் அறியாத சாதாரண மனிதர்களுக்காக ஆங்கிலத்தில் கணக்கு நூல்கள் எழுதியவர். அதற்காகவே எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். 1557-இல் வந்த அவருடைய இயற்கணித நூலில்தான் அந்தக் குறி முதலில் அச்சேறியது. ‘இதற்குச் சமம்’ என்று திரும்பத் திரும்ப எழுதி அலுத்து, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அந்தப் பக்கத்தில் கோடுகள் இன்றைய குறியைவிட வெகு நீளம். மறுவருடம் சிறையில் இறந்துபோனார். குறி அச்சேறி 400 ஆண்டுகள் கழித்து, 1957-இல், ஃபோர்ட்ரான் மொழி அந்தக் குறியைக் கட்டளையாக்கிவிட்டது. அல்காலும் அதன் வழிவந்த பாஸ்கலும் முன்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்துக் கட்டளையை வேறுபடுத்திக் காட்டின.

1990-இல் வந்த ஹாஸ்கெல் மொழியில் சமக்குறி மறுபடியும் ரெக்கார்டின் குறி. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்று. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்கலாம். அப்படியானால் க = க + 1? இலக்கணப் பிழை இல்லை. வகைச் சோதனையும் தடுக்காது. மதிப்பைக் கேட்டால்தான் சிக்கல்: க தெரிய க தெரிய வேண்டும், அதற்கும் க தெரிய வேண்டும். விடையே வராது.

இப்போது கூட்டலைத் திருப்பி 1 + க என்றாக்கி, கூட்டல் குறி இருந்த இடத்தில் முக்காற்புள்ளி வையுங்கள்: க = 1 : க. பட்டியலின் தலையில் ஓர் உறுப்பைச் சேர்க்கும் குறி அது. பார்வைக்கு அதே சுழல்தான். ஆனால் இது ஒன்றுகளாலான முடிவற்ற பட்டியல். முதல் ஐந்தைக் கேட்டால் [1,1,1,1,1] உடனே வந்து நிற்கிறது. கூட்டலுக்கு இரண்டு எண்களும் கையில் இருந்தாக வேண்டும். பட்டியலோ தலையைக் கொடுத்துவிடும். வாலைக் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளும்.

முதல் வரியும் அநாதையில்லை. டேனா ஸ்காட்டும் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சியும் நிரல்களுக்குக் கணிதமுறையில் பொருள் சொல்ல 1969-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிவைத்த வழியில், முடிவுறாத கணக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. எல்லா மதிப்புகளுக்கும் கீழே, எந்தத் தகவலும் இல்லாமல் கிடப்பதால் அதற்கு ‘அடி’ என்று பெயர். அந்த அடியைக் க-வின் இடத்தில் பொருத்துங்கள். அடியோடு ஒன்றைக் கூட்டினாலும் அடிதான். இரு பக்கமும் சமம். எந்த முழு எண்ணைப் போட்டாலும் பொய்யாகிற வரி இங்கே மெய்யாகிறது. சில பாடநூல்கள் இதைப் பின் அத்தியாயங்களுக்குத் தள்ளிவிடுகின்றன. நான் எழுதினால் முதல் பக்கத்தில் வைப்பேன்.