விலைக்கு வராத வேலை



நம் ஆலயத்து ஜெபக் குறிப்புப் பெட்டியில் விழும் சீட்டுகளில், வியாதியஸ்தருக்கான விண்ணப்பங்களுக்கு அடுத்தபடியாக, "மகனுக்கு அரசு வேலை", "மகளுக்குத் தபால் ஆபீஸ் வேலை" என்பவையே மிகுதி. இந்த ஆசையை நான் குறைவாக எண்ணுவதில்லை. மழை தொடங்கினால் ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளங்களில் வேலை நின்றுபோகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. இப்படிப்பட்ட கரையில் பிறந்த பிள்ளை மாதந்தோறும் தவறாமல் வரும் சம்பளத்தை விரும்புவது உலக இச்சை ஆகாது. யோசேப்பும் தானியேலும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களே.

சில மாதங்களுக்கு முன் ஆராதனை முடிந்தபின் ஒரு தாயார் தயங்கி நின்றார். "ஐயா, பையனுக்கு கிராமத் தபால் வேலை வாங்கித் தாரேன்னு ஒருத்தர் சொல்லுதாரு. மூணு லட்சம் கேக்காரு. நகையை அடகு வைக்கப்போறேன், ஜெபம் பண்ணுங்க" என்றார். நான் அதற்காக ஜெபிக்கவில்லை. அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் விதத்தை அவருக்கு விளக்கினேன், உங்களுக்கும் சொல்லுகிறேன்.

கிராமின் டாக் சேவக் என்னும் கிராம அஞ்சல் பணிக்குத் தேர்வும் இல்லை, நேர்காணலும் இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சதவீதமாக்கி, நான்கு தசம இடங்கள்வரை கணக்கிட்டு, கணினியே தகுதிப் பட்டியலைத் தயாரிக்கிறது. வயது 18 முதல் 40 வரை. கணிதத்திலும் ஆங்கிலத்திலும் தேர்ச்சி வேண்டும். நம் மாநிலத்திற்குத் தமிழ் படித்திருக்கவேண்டும். சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்கவேண்டும் என்பதும் விதிகளில் ஒன்று. கிளை அஞ்சலக அதிகாரிக்குத் தொடக்கத்தில் 12,000 ரூபாய், உதவி அதிகாரிக்கு 10,000 ரூபாய், அகவிலைப்படி தனி. (முழுநேர அரசு ஊழியருக்குரிய எல்லா உரிமைகளும் இதற்கு இல்லை, பெண் பார்க்கப் போகும்போது இதைச் சற்று அடக்கமாகவே சொல்லுங்கள்.) என்றோ முடிந்துவிட்ட பத்தாம் வகுப்பின் மதிப்பெண்ணை எந்தத் தரகர் கூட்டித் தருவார்? தாமாகவே பட்டியலில் வரக்கூடிய பத்துப் பேரிடம் பணம் வாங்கிக்கொண்டு, வந்த ஒருவனிடம் "நான் முடித்துத் தந்தேன்" என்று சொல்லுவார், அவ்வளவுதான்.

இந்தக் கரையில் முத்துக்குளித்த நாட்களில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். வாங்கியவனுக்கு முத்து இல்லாமற்போனாலும் சிப்பியாவது மிஞ்சிற்று. இவர்கள் விற்பதில் சிப்பியும் இல்லை.

அந்தத் தாயார் கேட்ட அடுத்த கேள்விதான் கடினமானது. "அவன் மார்க் கம்மி ஐயா. அப்ப அவனுக்கு என்ன வழி?" தபால் பட்டியலில் அவன் பெயர் வருவது அரிது என்று உள்ளபடியே சொன்னேன். ஆனால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு பழைய மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஒரே எழுத்துத் தேர்வு, 200 கேள்விகள், அவற்றில் 100 தமிழிலிருந்து. நேர்காணல் கிடையாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமின்றிப் பயிற்சி அளிக்கிறார்கள்.

"அதுலயும் துட்டு குடுத்துப் போறாங்களே" என்றார். போனார்கள், உண்மைதான். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில், நம்மைப் போன்ற கடற்கரை ஊர்களாகிய கீழக்கரை, இராமேசுவரம் மையங்களில் எழுதியவர்களில் 39 பேர் முதல் நூறு இடங்களுக்குள் வந்தார்கள். சிறிது நேரத்தில் மறைந்துபோகும் மையால் விடைகளைக் குறித்தது பின்னர் வெளிப்பட்டது. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் முழுவதும் தேர்வெழுதத் தடை விதிக்கப்பட்டது. அவர்களுடைய பெற்றோரும் எதையோ அடகு வைத்திருப்பார்கள் என்று நினைக்கையில் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தில் சமாரியா பட்டணத்துச் சீமோனைப் பாருங்கள். அவன் புறஜாதியானாக நின்று பணத்தை நீட்டவில்லை. விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றபின் நீட்டினான். அதாவது, சபைக்கு உள்ளே இருந்தவன். அவன் விரும்பியதும் நல்ல காரியமே. பேதுரு அந்த விருப்பத்தைக் கடிந்துகொள்ளவில்லை, தேவனுடைய ஈவைப் பணத்தினால் வாங்கலாம் என்ற எண்ணத்தையே கடிந்துகொண்டார். திருப்பதவிகளை விலைக்கு வாங்கும் பாவத்திற்குச் சபைச் சரித்திரத்தில் அவன் பெயரே நிலைத்துவிட்டது. ஆனாலும் அந்தப் பகுதியை முடிவுவரை வாசியுங்கள்: தனக்காக வேண்டிக்கொள்ளும்படி அப்போஸ்தலரைக் கேட்டவனாகவே அவன் நம் பார்வையிலிருந்து மறைகிறான். ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டு வெட்கத்தினால் வெளியே சொல்லாதிருப்பவர்கள் நம் சபையிலும் இருக்கலாம். என்னிடம் வாருங்கள், முதலில் ஜெபிப்போம், பிறகு காவல் நிலையத்திற்குச் சேர்ந்தே போவோம்.

அந்தத் தாயாரின் நகை வீட்டில்தான் இருக்கிறது. பையன் புத்தகத்தை எடுத்திருக்கிறான்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின், வேலைக்கு விண்ணப்பிக்க விரும்பும் வாலிபர்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ் ஆகியவற்றுடன் பாரிஷ் ஹாலுக்கு வாருங்கள். நம் வீடுகளில் ஞானஸ்நானத்தில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பெயரும் வைக்கும் வழக்கம் உண்டு. ஆதாரில் மூன்றாவது ஒன்று இருக்கும். அறிவிப்பு வெளிவருமுன் அதைச் சரிசெய்துகொள்வோம். அஞ்சல் பணி விண்ணப்பத்திற்குப் பெண்களும், பட்டியல் இனத்தாரும், பழங்குடியினரும், மாற்றுத்திறனாளிகளும் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை. மற்றவர்கள் 100 ரூபாய் செலுத்தவேண்டும்.