ஒரு விரற்கடை வளர்ச்சி
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

வளர்ச்சி என்றதும் நம் மனத்தில் எழுவது பெரும்பாலும் பாய்ச்சலின் உருவமே. நேற்று விதைத்தது இன்று காய்க்க வேண்டும். நேற்றுப் பாடியவன் இன்று உலகை வெல்ல வேண்டும். புதிய இசைத்தொகுப்பு ஒன்று வெளிவரும் போதெல்லாம் ‘இதுவரை எவரும் கேட்டிராதது’ என்று முரசறைகிறார்கள். ஆனால் சில இசைக்குழுக்கள் ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு விரற்கடை மட்டுமே வளர்கின்றன. அதைக் குறையென்று சொல்வோர் உண்டு. அதுவே நேர்மையான வளர்ச்சி என்பது என் எண்ணம். இந்த எண்ணத்தை எனக்குத் தந்தது ‘டெத் மெட்டல்’ என்னும் இசை என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். பேராசிரியப் பெருமக்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன்.

முதலில் இந்த இசையின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பர்மிங்காம் ஒரு தொழில் நகரம். அங்கே 1965-இல் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற 17 வயது இளைஞனின் வலக்கையில் இரு விரல்களின் நுனியை இயந்திரம் துண்டித்தது. அவன் இடக்கைப் பழக்கமுள்ள கிதார்க் கலைஞன். தந்தியை அழுத்த வேண்டியவை அந்த வலக்கை விரல்களே. அவன் சோர்ந்துவிடவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்தான். தந்தி வழுக்காதிருக்க, பழைய தோல் சட்டை ஒன்றிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினான். ஆம், தோல்! ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் நம்மவர் கைகளை அன்றாடம் நனைக்கும் அதே தோல்.

விரல் வலி குறைய, பின்னர் அவன் தந்திகளைத் தளர்த்தி வாசித்தான். 1971-இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ என்ற தொகுப்பில் சுருதியை மூன்று அரைச்சுரங்கள் இறக்கினான். நாம் ஆய்வகத்தில் சோனாமீட்டரில் கற்றதுதான்: அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதம். வினாடிக்கு 82 அதிர்வுகள் கொண்ட தடித்த தந்தி 69-க்கு இறங்கினால் இழுவிசை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது. விரலுக்கு ஓய்வு, காதுக்கோ இருண்டு கனத்த ஒலி. ‘பிளாக் சபாத்’ குழுவின் இந்தக் கனத்தின் மேல்தான் மெட்டல் இசை எழுந்தது. 1980-களில் அதன் கிளையாக டெத் மெட்டல் தோன்றியது. இதில் குரல் பாடுவதில்லை, அடித்தொண்டையில் உறுமுகிறது. முரசு சில வேளைகளில் இயந்திரத் துப்பாக்கியாய் வெடிக்கிறது.

இக்கிளையிலும் ஒரு பிரிவினர் வேகத்தை நம்புவதில்லை. அவர்கள் நம்புவது ‘குரூவ்’. தாளம் நம்மைத் தூக்கி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு விழவைக்கும் அந்த இழுப்புக்குத்தான் அப்பெயர். இதற்கு ஏட்டு விளக்கம் தேடிக்கொண்டிருந்த எனக்கு என் அப்பா ஒரே வரியில் விடை சொன்னார். அவர் டேனரியில் டிரம் ஓட்டுபவர். ஒருநாள் இரவு என் கைப்பேசியிலிருந்து கசிந்த ஒலியைக் கேட்டுவிட்டு, “இதென்னடா, நம்ம டிரம் ஓடற மாதிரியே இருக்குது!” என்றார். பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆளுயரத்துக்கு மேற்பட்ட மரப் பீப்பாய் மெல்லச் சுழலும். உள்ளே அடித்திருக்கும் முளைகள் ஈரத்தோலை அள்ளி மேலே கொண்டுபோகும். உச்சிக்குச் சென்றதும் தோல் தன் பாரத்தாலேயே ‘தொப்’பென விழும். விழுவதற்கு முன் வரும் அந்த இமைப்பொழுது இடைவெளி இருக்கிறதே, அதுதான் குரூவ்!

இத்தகைய நடையில் முதன்மையானது ‘போல்ட் த்ரோவர்’. பர்மிங்காமுக்கு அடுத்துள்ள கவென்ட்ரி நகரில் 1986-இல் தொடங்கிய குழு. அந்த நகரும் சைக்கிளுக்கும் மோட்டார் வாகனத்துக்கும் பேர்போன தொழில் நகரமே. 1988 முதல் 2005 வரை 8 தொகுப்புகள் வெளியிட்டார்கள். பொருள் எப்போதும் போர். நடை பெரும்பாலும் நடுத்தர வேகம். அறியாதவர் காதுக்கு எட்டும் ஒன்றாகவே ஒலிக்கும். ஆனால் வரிசையாகக் கேளுங்கள். முதல் தொகுப்பின் கலவரம் மெல்ல அடங்கி, 2005-இன் ‘தோஸ் ஒன்ஸ் லாயல்’ தொகுப்பில் ஒவ்வோர் அடியும் தனித்தனியே நிமிர்ந்து நிற்கும். அதன்பின் புதிய தொகுப்புக்கான பாடல்களைப் புனைந்தார்கள். அவை முந்தையதை விஞ்சவில்லை என்று தாங்களே தீர்ப்பளித்து வெளியிடாமல் விட்டார்கள். 2015-இல் முரசறைபவர் மார்ட்டின் கியர்ன்ஸ் மறைந்தார். மறு ஆண்டு குழுவும் ஓய்ந்தது. ஒரு விரற்கடையேனும் வளரவில்லையெனில் வாய் திறக்கமாட்டோம் என்ற அந்த நாணயத்தை என்னவென்று புகழ்வது!

கடல் கடந்த தமிழரிடையே இதற்கொரு சான்று உண்டா என்று தேடினேன். கிடைத்தது. சிங்கப்பூரில் 1992-இல் தோன்றிய ‘ருத்ரா’. கதிர் பாஸ் கிதாரும் குரலும், சிவா முரசு. 1998-இல் முதல் தொகுப்பு. 2016 வரை மட்டும் எண்ணினாலும் 8 தொகுப்புகள். 2003-இல் வந்த ‘குருக்ஷேத்ரா’வையும் 2005-இல் வந்த ‘பிரம்மவித்யா: பிரைமார்டியல் 1’ தொகுப்பையும் அடுத்தடுத்துக் கேட்டேன். கிதாரின் கனம் அதேதான், உறுமலும் அதேதான். ஆனால் மந்திர ஓசை இப்போது மேலே தூவிய அலங்காரமாக இல்லை. பாட்டின் உத்தரமாக நின்று பாரம் தாங்குகிறது. அதே ‘பிரம்மவித்யா’ என்ற தலைப்பில் 2009-இலும் 2011-இலும் மேலும் இரு தொகுப்புகள் வந்தன. ஒரே வினாவை ஆறாண்டுகள் மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். ஊர் மெச்சும் பாய்ச்சல் அன்று இது. உழுத வயலையே மீண்டும் ஆழ உழுவது.

எனினும், ருத்ராவோடு எனக்கொரு வழக்குண்டு. 2001-இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘தி ஆரியன் குருசேட்’. ‘ஆரிய’ என்ற சொல்லுக்கு வடமொழியில் ‘மேன்மையுடையவர்’ என்ற பொருளும் உண்டென்பதை அறிவேன். ஆயினும் பாலாற்றங்கரையில் பிறந்தவன் காதில் அது எளிதாக இறங்குவதில்லை. அவர்கள் பாட்டில் ஆங்கிலமும் சமஸ்கிருதமுமே பெரும்பங்கு. மேன்மை எங்கிருந்து வருகிறது? ஏட்டிலிருந்து மட்டுந்தானா? தோலைப் பதப்படுத்தும் கையிலிருந்து வராதா? பறையை எண்ணிப் பாருங்கள். வேப்பமர வளையத்தில் கட்டிய தோலைத் தீயில் காட்டுகிறார்கள். ஈரம் நீங்குகிறது, தோல் சுருங்குகிறது, இழுவிசை ஏறுகிறது, ஒலி கணீரென்கிறது. இயற்பியல் பாடம் படிக்காமலேயே நம் முன்னோர் நடத்திய சோதனை இது. மிருதங்கத்திற்கும் தோல்தான் வாய் தந்தது. அதை வாசித்தவரை மேடையில் அமர்த்திய சமுதாயம், தோலைத் தொட்டவரைத் தெருவின் கோடியில் நிறுத்தியது.

அந்த வழக்கிற்குச் சென்னை ஒரு விடை தந்திருக்கிறது. 2018 சனவரி 6-ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் குழு. கானாவும் பறையும் மின்கிதாரும் ஒரே மேடையில்! அது டெத் மெட்டல் அன்று. ஆனால் கனத்த கிதாருக்குப் பக்கத்தில் நம் தோற்கருவி தலைநிமிர்ந்து நிற்க முடியும் என்பதற்கு அது சாட்சி. நாளை யாரேனும் நம் பகுதியிலிருந்து உறுமும் குரலோடும் பறையோடும் புறப்படட்டும். முதல் வரிசையில் நின்று கைதட்ட நான் இருப்பேன்.

“இதெல்லாம் வெறும் சத்தம்” என்பார் உளர். பறையையும் அப்படித்தான் சொன்னார்கள். சத்தத்துக்கும் இசைக்கும் இடையே கோடு கிழிக்கும் கோல் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. அந்தக் கோல் நம் கைக்கும் வரவேண்டுமானால் நாம் காதைப் பழக்க வேண்டும். டேனரியில் நல்ல தோலைத் தெரிந்தெடுப்பவர் கட்டைவிரலால் ஒரு தடவு தடவியே அதன் தரத்தைச் சொல்லிவிடுவார். எட்டுத் தொகுப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் விரற்கடை வளர்ச்சியைக் கண்டுபிடிக்கும் காதும் அவ்வாறே ஒரு கைத்தொழில்.

குரோமிய உப்பில் தோல் ஓரிரு நாளில் பதமாகி நீலநிறம் கொள்கிறது. ஆவாரம்பட்டைச் சாற்றிலோ வாரக்கணக்கில் ஊறி, இழை இழையாய் உள்வாங்கி, மெல்லப் பழுக்கிறது. இரண்டும் தோல்தான். எந்தத் தோல் எத்தனை காலம் தாங்கும் என்பதைக் காலம் சொல்லும். மாணவ நண்பர்களே! எழுத்தறியாத பாட்டனுக்குக் கையெழுத்திடத் தெரிந்த மகன். அவனுக்குக் கல்லூரி வாசல் மிதித்த பிள்ளை. நம்மில் பலருடைய வீட்டு வரலாறு இவ்வளவுதான். ஒரு தலைமுறைக்கு ஒரு விரற்கடை. அதைச் சிறிதென்று எவரேனும் இகழ்ந்தால் நாணித் தலைகுனிய வேண்டாம். முந்தியதினும் ஒரு விரற்கடை மேலே என்று நெஞ்சறிந்து சொல்ல முடிந்தால் போதும். அதுவே வளர்ச்சி, அதுவே இசை.